ஐந்து கட்டையில் ஒரு கிட்டார்

மேற்கு மாம்பலத்து மாடிவீடு ஒன்றில், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணைக்கிறார்கள். மின்சார ரயில் கடக்கும்வரை யாரும் பேசுவதில்லை. கிட்டார் வாசித்துப் பாடும் பெண்ணுக்கு இது முதல் ஆல்பம். பகலில் அவருக்கு ஆபீஸ் வேலை. அதனால் குரல் பதிவெல்லாம் இரவில்தான். மிருதங்கத்தை இரவில் வாசித்தால் அக்கம்பக்கம் தூங்க முடியாது என்பதால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் போனதும் அப்படியொரு ஞாயிறுதான்.

பாட்டுகள் மென்மையான ராக் வகை. ஆனால் அவர் சிறுவயதிலிருந்தே கர்நாடக சங்கீதம் பயின்றவர். மெட்டுகள் தாமாகவே அரிகாம்போதிக்கும் கரகரப்பிரியாவுக்கும் போய்விடுகின்றன. ராக் கிட்டார்காரர்கள் மிக்ஸோலிடியன், டோரியன் என்று வாசிப்பவையும் இதே சுரங்கள்தான். கமகம் வரும்போதுதான் சிக்கல். கரகரப்பிரியாவின் காந்தாரத்தைக் குரல் அசைக்கிறது; கார்டுக்குள் இருக்கும் காந்தாரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டும் உரசிக் காதை உறுத்துகின்றன. அந்த இடங்களில் அவர் கார்டிலிருந்து காந்தாரத்தையே எடுத்துவிடுகிறார். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்க, கிட்டார் தம்புராவாகிவிடுகிறது. இந்த ஆல்பத்தில் நான் கேட்ட மிக அழகான முடிவு இது.

1970-களில் சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாலின், கிட்டாரில் கமகம் பேச வேண்டும் என்பதற்காக பிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்த கருவியைச் செய்வித்துக்கொண்டார். இங்கே கையில் இருப்பது சாதாரணக் கடைக் கிட்டார்.

மிருதங்கக்காரர் ரவையைக் குழைத்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்புகிறார். வலந்தலை விளிம்பில் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிறார். பாட்டோ ஈயில், அதாவது மூன்று கட்டையில் இருக்கிறது.

"அக்கா, இந்த வாத்தியம் அஞ்சு கட்டைலதான் நிக்கும். அவ்வளவு கீழ இறக்கினா நாதமே போயிடும்."

"சரி தம்பி, நான் ஏறி வரேன்."

மூன்றாவது பிரெட்டில் கேப்போ என்ற கவ்வி ஏறுகிறது. விரல்கள் பழைய இடத்திலேயே இருக்க, பாட்டு ஜீக்கு வந்துவிடுகிறது.

தாளத்துக்கு கிளிக் டிராக் வேண்டாம் என்று மூவரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். மூன்றாமவர் மிக்ஸிங் செய்யும் நண்பர். அவருக்குத்தான் இதில் கூடுதல் வேலை. வேகம் மூச்சோடு கொஞ்சம் கூடிக் குறைவதால், ஒரு டேக்கின் பல்லவியை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவது கடினம். பாட்டு முழுவதும் ஒரே மூச்சில் சரியாக அமைய வேண்டும். கிட்டார் படுக்கையறையில், மிருதங்கம் ஹாலில். ஒன்றின் ஒலி மற்றதன் மைக்கில் புகாமலிருக்க நடுவே ஜமக்காளம் தொங்குகிறது. அதன் ஓரத்தை மட்டும் விலக்கி வைத்திருக்கிறார்கள், முகம் பார்த்து வாசிப்பதற்காக.

வீட்டில் பதிவு செய்வது ஏழைகளின் மாற்றுவழி என்ற எண்ணம் தவறு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்சி வீட்டின் படுக்கையறையில் நான்கு டிராக் கேசட் கருவியில் மாதிரிக்காகப் பதிந்த பாட்டுகளே 'நெப்ராஸ்கா' ஆல்பமாயின. கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னிலிருந்துதான் 1992-இல் 'ரோஜா' வந்தது. அவசரமில்லாத நேரம்தான் வீடு தரும் பெரிய வசதி.

இப்போது பாக்கியிருப்பது தொப்பி. ஹெட்ஃபோனில் கும்மென்று விழும் அந்தக் கீழ்நாதம் செல்போன் ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. பெரும்பாலோர் போனில்தான் கேட்பார்கள். அதனால் நண்பர் தொப்பியின் மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, விலை மலிந்த மூன்று போன்களில் மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகிறார். மிருதங்கக்காரர் இரண்டாவது போனில் மட்டும் தலையசைத்தார்.