ஜன்னலோரம் தெரியும் மலை

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல்... அடுத்தது பரங்கிமலை. இடது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு குன்றும் அதன் உச்சியில் வெள்ளையாக ஒரு மாதா கோயிலும் தெரியும். சேலையூருக்கு நான் குடிவந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அந்த மலையை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்! ஒரு நாளாவது இறங்கி ஏறிப் பார்த்தேனா என்றால், இல்லை. நம் ஊர்க்காரர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மூட்டை கட்டுவோம். வெளிநாட்டுக்காரர்களோ விமானத்தில் வந்து இறங்கி நேரே இந்த மலைக்குப் போவார்கள். பக்கத்து மலை என்றால் நமக்கு அவ்வளவுதான் மதிப்பு!

கடைசியில் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என் தங்கைதான்.

அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். குரோம்பேட்டையில் வீடு, கிண்டிப் பக்கம் வேலை. தினமும் இதே ரயில். போன வருஷம் உண்டானாள். இரண்டு வீட்டிலும் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்தாவது மாதத்தில் கரு கலைந்துவிட்டது. "இது யார் தப்பும் இல்லம்மா, உன் தப்பும் இல்லை" என்று டாக்டரம்மா எத்தனையோ எடுத்துச் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். "கூட்ட ரயில்ல இடிபட்டுப் போனா நிக்குமா?" என்றார் ஒரு பெரியம்மா. அந்த ஒரு சொல் அவள் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. லீவு முடிந்தும் வேலைக்குப் போகவில்லை. ரயில் என்றாலே முகம் வெளுத்துவிடும். "உடம்பு நல்லா தேறிடுச்சு, தினம் கொஞ்சம் நடக்கட்டும், நாலு இடம் போகட்டும்" என்றார் டாக்டர். அவளோ வாசற்படி தாண்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "கிளம்புடி, பரங்கிமலைக்குப் போறோம்" என்றேன்.

"ஆட்டோவுல போலாமா அக்கா?"

"அஞ்சு ஸ்டேஷனுக்கு ஆட்டோவா? நான் என்ன பணக்காரியா? ஞாயித்துக்கிழமை வண்டி காலியா இருக்கும், வா."

வண்டி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் பல்லாவரம் வரை என் கையை அவள் விடவில்லை. 1931லிருந்து ஓடுகிற மின்சார ரயில் இது. எத்தனை கர்ப்பிணிகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாய் திறந்து சொல்லவில்லை.

பெயரிலேயே இரண்டு கதை

போர்த்துக்கீசியரைப் பரங்கியர் என்று அழைத்தோம் அல்லவா? அவர்கள் குடியேறிய மலை, ஆகவே பரங்கிமலை. ஆனால் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற நந்தீஸ்வரர் கோயில்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பிருங்கி முனிவர் தவம் செய்த மலை இது, பிருங்கிமலைதான் பரங்கிமலை ஆயிற்று என்பார்கள். இரண்டில் எது சரி என்று வாதாட நாம் யார்? ஒரே மலையை இரண்டு பேரும் தங்கள் மலை என்று சொல்லிக்கொள்வது எனக்கு என்னவோ பிடித்திருந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி மலையடிவாரம் போவதற்குள் ஊரே மாறிவிடுகிறது. கத்திப்பாரா மேம்பாலத்து இரைச்சல் பின்னால் தங்கிவிட, பழைய மரங்களும் அகலமான காம்பவுண்டுகளும் வருகின்றன. இது 1774ல் ஏற்பட்ட கன்டோன்மென்ட். கும்பெனியாரின் மதராஸ் பீரங்கிப் படைக்கு இதுதான் தலைமையிடமாக இருந்தது. அதற்கும் முன்னால் 1759ல் பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் இந்த மலையடியில்தான் மோதிக்கொண்டார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பரம்பரையாக வாழ்ந்த பகுதியும் இது.

படி கட்டியவர்

மலை உயரம் ஏறத்தாழ 300 அடிதான். உச்சி வரை கார் போகிற ரோடும் உண்டு. ஆனால் படிக்கட்டில் ஏறுவதுதான் அழகு. நல்ல அகலமான, தாழ்வான படிகள். வழியில் ஏசுநாதரின் சிலுவைப்பாடு நிலைகள். நின்று கும்பிடுகிறவர்கள் நிற்கிறார்கள், மூச்சு வாங்குகிறவர்களும் அந்தச் சாக்கில் நிற்கிறார்கள்!

இந்தப் படிகளைக் கட்டியவர் ராஜாவும் இல்லை, கவர்னரும் இல்லை. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. பாரசீகத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சென்னையில் பெரும் செல்வம் சேர்த்தவர். மலைக்குப் போகிற ஜனங்கள் அடையாற்றில் இறங்கி அவதிப்படுவதைப் பார்த்து, 1726ல் சைதாப்பேட்டையில் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். அந்த இடத்தில்தான் 1966ல் இப்போதைய மறைமலையடிகள் பாலம் வந்தது. ஆற்றுக்குப் பாலம் போட்டவர், மலைக்குப் படியும் போட்டார். பிறந்த ஊர் எங்கேயோ, தர்மம் செய்த ஊர் நம் ஊர். கிண்டியிலும் சைதாப்பேட்டையிலும் அன்றாடம் போய்வருகிற நம்மில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

தங்கை மெதுவாகத்தான் ஏறினாள். பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தோம். பாதி வழியில், "வயித்துல ஒண்ணும் பண்ணலியே அக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஆச்சரியமாக. அவள் தன் உடம்பைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது பல மாதத்துக்கு அப்புறம் அப்போதுதான்.

காத்திருக்கும் தாய்

உச்சியில் இருக்கிற கோயில் 1523ல் போர்த்துக்கீசியர் கட்டியது. ஏசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான புனித தோமையார் நம் நாட்டுக்கு வந்து, சின்னமலையில் ஒளிந்திருந்து, கடைசியில் கி.பி. 72ல் இந்த மலையில் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. 1547ல் இங்கே கிடைத்த ஒரு கற்சிலுவையைப் பீடத்திலேயே பதித்திருக்கிறார்கள். ஓரத்தில் பழைய பாரசீக மொழியான பஹ்லவியில் எழுத்துகள் செதுக்கியிருக்கின்றன. போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் வழிபட்டார்கள் என்பதற்கு அது சாட்சி. அந்தச் சிலுவை 1558லிருந்து 1704 வரை சில தடவை ரத்தம்போல் வியர்த்தது என்றும் சொல்கிறார்கள். 1986ல் போப் இரண்டாம் ஜான் பால் சென்னைக்கு வந்தபோது இந்த மலைக்கும் வந்தார்.

எனக்கு இதையெல்லாம்விட மனசில் தைத்தது இந்த மாதாவின் பெயர்தான். எதிர்பார்ப்பின் அன்னை! அதாவது, பிள்ளைப் பேற்றுக்குக் காத்திருக்கும் தாய். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், டிசம்பர் 18ம் தேதி, இவளுக்குத் திருநாள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்களும் மாசமாக இருக்கிறவர்களும் சாதி மதம் பார்க்காமல் இங்கே வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று காலை கிளம்பும்போது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளை அழைத்து வந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா தங்கையைப் பார்த்துச் சிரித்து, "எத்தினியாவது மாசம் கண்ணு?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பகீர் என்றது. குறுக்கே பாய்ந்து ஏதாவது சொல்லலாமா என்று நான் தடுமாறுவதற்குள் அவளே பதில் சொன்னாள். "இப்ப இல்லீங்கம்மா. அஞ்சாம் மாசத்துல போயிடுச்சு."

வீட்டுக்கு வந்தவர்கள் யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது.

அந்த அம்மா ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எதனால் போச்சு என்றும் கேட்கவில்லை. "எனக்கும் ரெண்டு போச்சும்மா. அப்புறந்தான் அதோ நிக்கிறானே, அவன்" என்று வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த, தலை நரைத்த ஒரு பெரிய ஆளைக் காட்டினார். "யாராவது எத்தினி புள்ளைன்னு கேட்டா, நான் மூணுன்னுதான் சொல்லுவேன். போனதும் என் புள்ளைங்கதானே?" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த மெழுகுவத்தியில் ஒன்றைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் ஏற்றினாள். வெகுநேரம் அழுதாள். நான் தடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும், "அழாதே, அடுத்தது நிக்கும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். போனதற்காக அழ அவளுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல் சங்கிலி

வெளியே வந்து மர நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அடேயப்பா, என்ன காற்று! கிழக்கே கிண்டிக் காட்டுப் பச்சையும் அதற்கு அப்பால் கடல் கோடும், இன்னொரு பக்கம் விமான நிலையமும் தெரிகின்றன. விமானங்கள் பொம்மை மாதிரி இறங்குகின்றன. குழந்தைகளைக் கூட்டிப் போனால் அதற்காகவே ஒரு மணி நேரம் அசையமாட்டார்கள்.

அங்கே லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் பூகோளப் பாடத்துக்கு இது முக்கியம். 1802 ஏப்ரல் 10ம் தேதி, இந்த மலையருகே 100 அடி நீளமுள்ள உருக்குச் சங்கிலியைத் தரையில் நீட்டி அளக்க ஆரம்பித்தார் அவர். தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ 12 கிலோ மீட்டர் தூரம். சங்கிலியை எடுத்து எடுத்து வைத்து அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. அந்தக் கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்துகொண்டே போனார்கள். லாம்டன் 1823ல் இறந்த பின்னும் வேலை நிற்கவில்லை. இமயமலை வரை போயிற்று. உலகத்திலேயே உயரமான சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856ல் அறிவித்தார்கள். எவரெஸ்ட்டை அளந்த கணக்குக்குப் பிள்ளையார்சுழி போட்ட இடங்களில் ஒன்று நம் பரங்கிமலை!

தங்கை கணக்குப் படித்தவள். சிலையையும் தெற்கே பெரும்பாக்கம் பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "அம்பத்தேழு நாளா அக்கா? இந்த ஒரு கோட்டுக்கா?" என்றாள். "முதல் கோடு சரியா விழுந்தாத்தானே மத்ததெல்லாம்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

பரங்கிமலை ஸ்டேஷன் வரை மின்சார ரயில் இருக்கிறது. 2016லிருந்து மெட்ரோ ரயிலும் வருகிறது. ஸ்டேஷனிலிருந்து நடக்க முடியாதவர்கள் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்குள், காலையிலேயே போய்விடுங்கள். படிகளில் கல் சூடு ஏறிவிட்டால் குழந்தைகள் பாடு திண்டாட்டம். தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். இலையையும் காகிதத்தையும் மறக்காமல் திரும்ப எடுத்து வாருங்கள். முழங்கால் வலிக்காரர்களும் மாசமாக இருக்கிறவர்களும் படி ஏறவேண்டாம், ரோடு வழியாக வண்டியிலேயே உச்சிவரை போகலாம். கோயிலுக்குள் ஜெபம் செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் திருநாள் கூட்டம் இருக்கும். அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் வேறு மாதம் நல்லது.

முக்கியமாக ஒன்று. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிற பெண் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள். புத்திமதி எதுவும் சொல்ல வேண்டாம். கூடப் படி ஏறினால் போதும்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலை எட்டேகாலுக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. பின்னால் ரயில் சத்தம் கேட்டது. "வேலைக்குப் போய்க்கிட்டிருக்கேன் அக்கா. ஜன்னலோரம் இடம் கிடைச்சுது" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மலை வந்துடுச்சு, வெச்சிடட்டுமா?" என்றாள்.

"வெச்சுட்டு நல்லாப் பாரு" என்றேன்.