நோகாமல் பெற்றவள்

1979-ல் என் மூத்த மகள் பிறந்தபோது, வலி எடுத்துப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டரம்மா புனல் போன்ற சிறு குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டார்; முகம் மாறிவிட்டது. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறதாம். என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, எனக்கு மயக்கம் கொடுத்து அறுவை செய்தார்கள்.

கண் விழித்தபோது மாலையாகியிருந்தது. மாமியார், நாத்தனார், அக்கம்பக்கத்தார் எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் பெற்றவள் நான் பார்த்தேன்.

இருமினால் தையல் பிய்ந்துவிடும் போலிருக்கும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தார் ஆயா. காலில் இரத்தம் கட்டாமலிருக்க மறுநாளே நடக்க வைத்தார்கள். எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். பார்க்க வந்தவர்களோ, "நோகாம பெத்துட்டே!" என்றார்கள். தையல் ஆறிய பிறகும் அந்தச் சொல் ஆறவில்லை.

அரசு ஊழியருக்கு அப்போது 90 நாள்தான் பேறுகால விடுப்பு. இப்போது அதைவிட அதிகம். முதுகில் ஊசி போடுவதால் தாய் விழித்திருந்து முதல் அழுகையையும் கேட்கிறாள்.

ஆனாலும் சிசேரியன் வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவைதான். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்தால், ஆறு வாரம் பாரம் தூக்க விடாதீர்கள். குழந்தையைக் கொஞ்சும் முன், "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேளுங்கள்.