மானிடவியல் கற்றோர் எங்கே போகின்றனர்?

கல்லலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒருவர் பார்க்கும் தொழிலுக்குப் பெயர் இருந்தாக வேண்டும். பெயரற்ற தொழிலை இவ்வட்டாரம் நம்புவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய காலத்தில் கப்பலேறும் பையன் முதலில் பெட்டியடிப் பையன், பின்னர் அடுத்தாள், அதன் பின்னரே மேலாள். மூன்று ஆண்டுக்கு ஒரு கணக்கு. போகும்போதே சம்பளம் பேசி முடிந்திருக்கும். திரும்பும் காலமும் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். பின்னாளில் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம்மவர்களும் டிரைவர், சேல்ஸ்மேன், ஃபோர்மேன் என்று விசாவிலேயே தொழிலின் பெயரை எழுதிக்கொண்டுதான் சென்றனர்.

இத்தகைய ஊரில் ஒரு பெண்பிள்ளை மானிடவியலில் முதுகலைப் பட்டம் பெற்று வந்து நின்றால் என்னாகும்? நம்மிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் இங்கே பல்சரக்குக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள்தான் அப்பட்டம் பெற்றவள். ஒருநாள் அஸருக்குப் பின் அவர் நம்மிடம் வந்து, “ஹஸரத்! பிள்ளை படிப்பை முடித்துவிட்டாள். ஜமாஅத்தார் என்ன படிப்பென்று கேட்கிறார்கள். சொன்னால் அவர்களுக்கு விளங்கவில்லை. உண்மையில் எனக்கும் விளங்கவில்லை. இது எந்த உத்தியோகத்துக்குரிய படிப்பு?” என்று கேட்டார்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. நாம் ஏழாண்டு ஓதி, ஸனது பெற்று, தலைப்பாகையுடன் ஊர் திரும்பிய அன்றே, “ஆலிமாகிவிட்டீர், சரி, அப்புறம்?” என்று கேட்டவர் பலர். ஆகவே அவருடைய கவலையை நாம் சிறிதாக எண்ணவில்லை. கடையை வைத்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டியவர் கேட்கும் கேள்விக்கு, ‘கல்வி கல்விக்காகவே’ என்று விடை சொல்வது அவரை அவமதிப்பதாகும்.

மானிடவியலை அரபியில் ‘இல்முல் இன்ஸான்’ என்பர். மனிதனைப் பற்றிய அறிவு என்பது பொருள். அவனுடைய உடலமைப்பு, உறவுமுறை, உணவு, வழிபாடு, பிறப்பு இறப்புச் சடங்கு ஆகிய அனைத்தையும், அம்மனிதர்களோடு தங்கியிருந்து, அவர்கள் வாயாலேயே கேட்டறிவது அதன் வழி. இப்பெயர் தோன்றுமுன்னரே இவ்வழியில் நடந்தோர் உண்டு. அல்பிரூனி சமஸ்கிருதம் பயின்று, இந்நாட்டார் தம்மைப் பற்றி என்ன சொல்கின்றனரோ அதை அவ்வாறே எழுத முயன்று, 1030-ஆம் ஆண்டளவில் தமது இந்திய நூலை முடித்தார். இப்னு கல்தூன் 1377-இல் தமது ‘முகத்திமா’வை எழுதினார். ஆயின் இவ்விருவருக்கும் சோறு போட்டது வேறு வேலை. முன்னவர் கஜ்னி அரசவையில் வானநூல் வல்லுநர்; பின்னவர் மன்னர்களுக்குச் செயலாளராகவும், கெய்ரோவில் காஜியாகவும் இருந்தவர்.

நம் நாட்டில் இத்துறையைத் தொடங்கியோர் கதையும் அதுவே. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன் மருத்துவம் பயின்றவர். கொச்சி நாட்டின் குடிகளை ஆராய்ந்த அனந்தகிருஷ்ண ஐயர் பள்ளி ஆசிரியர். முண்டா மக்களைப் பற்றி 1912-இல் நூலெழுதிய சரத் சந்திர ராய் ராஞ்சியில் வழக்கறிஞர். அக்காலத்தில் வேறு தொழில் பார்த்தவர்கள் இத்துறைக்குள் வந்தார்கள். 1920-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், பின்னர்ச் சென்னை முதலிய இடங்களிலும் இத்துறைக்கெனத் தனிப் பட்டப்படிப்பு வந்தபின் பாதை தலைகீழாகியது. இத்துறையைக் கற்றவர்கள் வேறு தொழில்களுக்குள் போகலானார்கள்.

அவருக்கு நாம் முதலில் சொன்னது கசப்பான செய்தியே. ‘மானிடவியலாளர்’ என்ற பெயரிலேயே உள்ள உத்தியோகங்கள் மிகக் குறைவு. 1945-இல் தொடங்கப்பட்ட இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் தலைமையகம் கல்கத்தாவில் உள்ளது. தென்னாட்டுக்கான கிளை மைசூரில் உள்ளது. உதகமண்டலத்தையடுத்த முத்தொரைப் பாலாடாவில் தமிழக அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் மானிடவியலுக்கென ஒரு பிரிவுண்டு. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஐயப்பன் என்பார் பின்னர்க் கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் உயர்ந்தார். இவை போகப் பல்கலைக்கழக ஆசிரியப் பணிகள் சில. நம் பள்ளிகளில் இது பாடமாக இல்லாமையால், மற்றப் பட்டதாரிகள் நாடும் பள்ளி ஆசிரியர் வேலையும் எளிதில் வாய்ப்பதில்லை. வேடிக்கை என்னவெனில், இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் மானிடவியலை விருப்பப் பாடமாக எடுத்து வெற்றி பெறுவோரில் பலர் கல்லூரியில் அதைப் படிக்காத பொறியாளர்களும் மருத்துவர்களுமே. படித்தவர் வேலை தேட, படியாதவர் அதனாலேயே கலெக்டராகிறார்!

அவரைத் தேற்றுவதற்காக நூல்கள் இரண்டைப் பற்றிச் சொன்னோம். பல்லாவரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகரிடையே தங்கி ஆராய்ந்த மாட்டிசன் மைன்ஸ் என்னும் அமெரிக்கர், அவர்கள் எவ்வாறு தொழில் செய்கின்றனர், யாரை நம்பிக் கடன் கொடுக்கின்றனர் என்பவற்றை 1972-இல் நூலாக வெளியிட்டார். நகரத்தாரின் வட்டிக்கடை ஏற்பாட்டை டேவிட் ரட்னர் என்னும் மற்றோர் அமெரிக்கர் 1994-இல் நூலாக்கினார். “நம் கடைக் கணக்கைப் பார்க்க அங்கிருந்தா வந்தார்கள்?” என்று வியந்த அவர், அடுத்த கணமே, “அதனால் அவர்களுக்கு என்ன கிடைத்தது?” என்றார். மைன்ஸ் கலிஃபோர்னியாவில் பேராசிரியராக இருந்தார் என்றோம். அவர் முகம் சற்றே மலர்ந்தது. பேராசிரியர் என்பது பெயருள்ள தொழிலன்றோ!

மகள் அப்படி மலரவில்லை. அவள் அறிந்த வழிகள் வேறு. மதுமாலா சட்டோபாத்யாய் என்னும் ஆராய்ச்சியாளரைப் பற்றி அவள் சொன்னாள். மானிடவியல் ஆய்வகத்தின் சார்பில் அந்தமானில் பணியாற்றியவர். 1991 ஜனவரி 4-ஆம் நாள் வடக்கு சென்டினல் தீவின் கரையருகே சென்ற குழுவில் அவரும் இருந்தார். அந்நியரைக் கண்டால் அம்பெய்யும் அத்தீவினர் அன்று நீரில் இறங்கி வந்து தேங்காய்களை வாங்கிக்கொண்டனர். அத்தகைய அனுபவம் உலகில் எத்தனை பேருக்கு வாய்த்தது? அவரோ பின்னாளில் டில்லியில் மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்தில் கோப்புப் பார்க்கும் அதிகாரியானார். “அவருக்கே அப்படியென்றால் எனக்கென்ன, ஹஸரத்?” என்றாள் பிள்ளை. நாம் அவளுக்கு அமிதாவ் கோஷை எடுத்துக் காட்டினோம். ஆக்ஸ்ஃபோர்டில் இத்துறையில் முனைவர் பட்டம் பெற, 1980-இல் எகிப்தியக் கிராமமொன்றில் தங்கி, அம்மக்கள் பேசும் அரபியைப் பழகியவர் அவர். எழுத்தாளரான பின் அக்கிராமத்து அனுபவத்தை 1992-இல் நூலாக்கினார். 2018-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதும் பெற்றார். “நாவலாசிரியர் என்று சொன்னால் அத்தா இன்னும் பயப்படுவார்” என்று அவள் சிரித்தாள்.

அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, தொண்டு நிறுவனம் ஒன்றில் பதினொரு மாத ஒப்பந்தம். காசநோய் மருந்தை நடுவில் நிறுத்திவிட்டவர்களின் வீடுகளுக்குச் சென்று விவரம் திரட்ட வேண்டும். அம்மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் இடைவிடாது உண்ண வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். அவள் கையில் கொடுத்த படிவத்தில் ‘நிறுத்தியதற்குக் காரணம்’ என்றொரு கேள்வி. அதன் கீழ் அலட்சியம், பக்க விளைவு, வேறு என மூன்று கட்டங்கள். நாளொன்றுக்கு இத்தனை வீடு என்று கணக்கும் உண்டு. இவளோ ஒரு வீட்டில் அமர்ந்தால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள்.

அவ்வாறு அமர்ந்த வீடொன்றில் முதியவர் ஒருவர், முன்பு வந்தவரால் ‘அலட்சியம்’ என்ற கட்டத்தில் அடைக்கப்பட்டிருந்தார். இவள் பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில், அவர் மருந்தை விட்டது ரமலான் முதல் பிறையன்று என்று தெரிந்தது. மருந்தைக் காலையில் வெறும் வயிற்றில் உண்ணச் சொல்லியிருக்கின்றனர். நோன்போ பகல் முழுவதும். நோன்பை விட அவர் மனம் ஒப்பவில்லை. நோன்பு முடிந்தபின், ஒரு மாதம் விட்ட மருந்தை மீண்டும் கேட்க வெட்கம். அவள் நேரே நம்மிடம் வந்தாள். நோயாளிக்கு நோன்பில் சலுகையுண்டு என்பது திருமறையிலேயே உள்ள விதி. அதை அவருக்கு எடுத்துரைத்தோம். மருந்தின் நேரத்தை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் கேட்டுவரும் பொறுப்பை அவள் ஏற்றாள். அடுத்த ஷஃபான் மாதத்து ஜும்ஆவில் இதைப் பற்றி நாமும் பேசினோம். பெரியவர் மீண்டும் மருந்தெடுக்கத் தொடங்கினார். அவள் அப்படிவத்தில் ‘வேறு’ என்ற கட்டத்தில் குறியிட்டு, பின்பக்கம் முழுவதும் எழுதிக் கொடுத்தாள். பின்பக்கத்தைப் படிக்க அங்கே ஆளில்லை. வீடுகளின் எண்ணிக்கை குறைந்ததென்று ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அவள் அத்தா இதைக் கேட்டு, “அப்பொழுதே சொன்னேன்” என்று மட்டும் கூறினார். நாம் அவருக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் செய்தியைச் சொன்னோம்.

2014-இல் கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் எபோலா என்னும் கொள்ளைநோய் பரவி, 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அந்நோயில் இறந்தவரின் உடலைத் தொட்டாலும் நோய் தொற்றும். கினியிலும் சியரா லியோனிலும் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். மையித்தைக் குளிப்பாட்டுவது இருப்போரின் கடமை. வெள்ளுடை தரித்த அந்நியர் வந்து, குளிப்பாட்டலும் கஃபனும் தொழுகையுமின்றி உடலைப் பையிலிட்டுத் தூக்கிச் சென்றனர். விளைவு என்ன? மக்கள் நோயாளிகளை ஒளித்தனர்; இரவில் தாமே அடக்கினர்; நோய் மேலும் பரவியது. மருத்துவர்களிடம் மருந்தறிவு இருந்தது. இம்மக்களின் மனத்தை அறிய வழியில்லை. மானிடவியல் கற்றோர் ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். எதை விட்டால் இவர்களால் தாங்க முடியாது, எதை மாற்றினால் பொறுப்பர் என்று அவர்கள் கேட்டறிந்தனர். உலக சுகாதார நிறுவனம் அவர்களையும் இரு சமயத்துப் பெரியோரையும் கலந்து, 2014 நவம்பரில் புதிய அடக்க முறையை வெளியிட்டது. முஸ்லிம் மையித்துக்குக் குளிப்பாட்டலுக்கு ஈடாகப் பயிற்சி பெற்றவர் கையுறையுடன் தயம்மும் செய்தலும், கஃபனிடுதலும், குடும்பத்தார் எட்ட நின்று காணுதலும், தொழுகையும் அதில் இடம்பெற்றன.

நீரால் கழுவ இயலாத மையித்துக்குத் தயம்மும் என்பது நாம் இளமையில் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் உள்ள செய்தியே. விதி கிதாபில் இருந்தது. நோயைத் தடுக்கும் வழி மருத்துவரிடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, இழவு வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஆள் மட்டும் வேண்டியிருந்தது.

அத்தகையோர் சொல்லைக் கேளாத இடத்தில் என்ன நேரும் என்பதை நம் மொழி பேசும் மக்களே கண்டனர். 2020-இல் கொரோனாவில் இறந்தோரைப் புதைக்கக் கூடாது, எரிக்கவே வேண்டும் என்று இலங்கையில் ஆணையிடப்பட்டது. புதைக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து இருபதே நாளான சிசுவும் எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் ஆணை தளர்ந்தது. அதன்பின் ஓட்டமாவடியில் அடக்கம் செய்தனர். 2024-இல் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிந்த உடல்கள் எரிந்தவையே.

கடைக்காரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இப்படிப்பட்ட வேலைக்கு மாதம் என்ன கொடுப்பார்கள்?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை நன்றாயில்லை. கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் நன்றாகக் கொடுக்கின்றன. ஜெனிவீவ் பெல் என்னும் மானிடவியலாளரை இன்டெல் 1998-இலேயே வேலைக்கமர்த்தி, வீடுகளில் மக்கள் கருவிகளை எப்படிப் புழங்குகின்றனர் என்று ஆராயச் செய்தது. நம் நாட்டிலும் இப்பொழுது பெங்களூரிலும் சென்னையிலும் ‘பயனர் ஆய்வாளர்’ என்ற பெயரில் அவ்வேலை கிடைக்கிறது. மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் ‘திட்ட உதவியாளர்’, ‘கள ஆய்வாளர்’ என்ற பெயர்களில், ஓராண்டு ஈராண்டு ஒப்பந்தத்தில், குறைந்த ஊதியமே. திருமணப் பேச்சு வரும் வீட்டில் இப்பெயர்களைச் சொல்லி விளங்க வைப்பது கடினம் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் பெங்களூர் வேலைக்கே அவள் போக வேண்டும் என்று நாம் சொல்ல மறுத்தோம். அப்பெரியவர் போன்றோரிடம் போய் உட்கார ஆள் வேண்டும். அவ்வாறு உட்காருவோருக்கு அரைவயிற்றுச் சம்பளம் கொடுப்பது கொடுப்பவரின் குறையேயன்றிப் படிப்பின் குறையன்று.

அவர் இரண்டு ஆண்டு தவணை கொடுத்தார். மூன்றாண்டுக் கணக்கு வழங்கிய இவ்வட்டாரத்தில் அது சற்றுக் குறைவுதான்!

பிள்ளை இப்பொழுது மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவற்றுள் ஒன்று பழங்குடியினர் நலத் திட்டம். மற்றொன்று முனைவர் பட்ட ஆய்வு. சென்ற வாரம் விண்ணப்பத் தாளுடன் வந்து, ‘அறிந்த மொழிகள்’ என்ற இடத்தில் அறபுத்தமிழை எழுதலாமா என்று கேட்டாள். அது மொழியா, எழுத்தா என்பது அவளுக்கு ஐயம். தமிழை அரபி எழுத்தில் எழுதும் முறை என்று விளக்கி, அவளுடைய பாட்டியார் ஓதிய கிதாபொன்றை எடுத்துக் கொடுத்தோம். தடையின்றி இரண்டு பக்கம் வாசித்தாள். எழுதச் சொல்லி, வாசிக்கக் கேட்டோம் என்று கீழே கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.