பத்து நாள் ஊழியக்காரர்

குறுகிய கால ஊழியம் எண்டால் எங்கட சபைகளில் அதுக்கொரு அச்சு இருக்கு. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் ரீசேட், ஒரு கிற்றார், ரெண்டு நாடகம், கலர் பென்சில் பெட்டிகள், கடைசி நாள் குறூப் போட்டோ. போன ஆகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் ஒன்பது பேர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போனபோது எங்களிடமும் இதெல்லாம் இருந்தது. ரீசேட்டுக்கு மட்டும் காசு காணாமல் போச்சு.

கண்டியில் பஸ் மாறி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை எண்டு ஏற ஏற மழையும் கூடவே வந்தது. இறங்கின உடனே அட்டை. உப்புத் துணியும் சவர்க்காரமும் கொண்டுபோகச் சொன்னவர்களை நாங்கள் பிறகு வாழ்த்தினோம்.

சபை, லயத்துக்கு மேல் மேட்டில் இருக்கும் ஒரு தகரக் கூரை ஹோல். அறுபது பேர் வந்தாலே நெருக்கம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கை கால் கழுவிக்கொண்டு, ஈரத் தலையோடு, பின்னேர ஆராதனைக்கு ஏறி வருவார்கள். தகரத்தில் மழை கொட்டினால் பாட்டுக் கேட்காது, அதனால் மழையை விடச் சத்தமாகப் பாடுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மணித்தியாலம் தாண்டினால் மணிக்கூட்டைப் பார்க்கிற எங்களுக்கு, அங்கே ரெண்டரை மணித்தியாலம் போனது தெரியவில்லை. ஜெபமும் வேறு மாதிரி. 'உலக சமாதானத்துக்காக' எண்டு பொதுவாகத் தொடங்குவதில்லை. கிலோ குறைஞ்சு அரைப்பேர் போட்டுட்டாங்க ஆண்டவரே எண்டு நேராகவே சொல்லுவார்கள். நாங்கள் போன நேரம் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா. அதில் பாதி எண்டால் என்ன எண்டு அந்த ஹோலில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாள் ராவு ரொட்டியும் சம்பலும் தந்து முடிய, பாஸ்டரம்மா எங்கட நிகழ்ச்சி நிரலை வாங்கிப் படித்தார். சிரித்தார்.

"நாடகமெல்லாம் நம்ம புள்ளைங்களே போட்டுருவாங்க தம்பி. ஒங்கள்ல கணக்கு சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவங்க யாரு?"

ஐந்து பேர் கை உயர்த்தினோம். அதோடு எங்கட பத்து நாளும் வேறாகிப்போனது. காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். பின்னேரம் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்கு. ராவில் ஆராதனை முடிய, பெரியவர்களோடு இருந்து படிவம் நிரப்புவது.

கணக்கு வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. பாஸ்டரம்மாவின் சட்டம் ஒன்றுதான்: கணக்கு வகுப்பில் கணக்கு மட்டும். துண்டுப் பிரசுரம் இல்லை, "ஆலயத்துக்கு வாங்கோ" இல்லை. இது எங்களுக்குள்ளேயே சண்டையாக வந்தது. அப்ப இதை ஏன் ஊழியம் எண்டு சொல்லவேணும், ரியூசன் எண்டு சொல்லலாமே எண்டு ரெண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஜெபம், அந்தப் பக்கம் மாரியம்மன் படம். சாவீட்டில் ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் அடுப்பு மூட்டுவார்கள். பத்து நாளில் பஸ் ஏறிப் போகிற நாங்கள் அதில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனால், அதை ஒட்டுகிற வேலை அங்கே இருப்பவர்களுக்குத்தான். விவாதம் முடியவில்லை, இன்னும் எங்கட வட்ஸ்அப் குறூப்பில் ஓடுது.

படிவ வேலைதான் எங்களை உலுப்பினது. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லை. ஒரு தோட்டத்துப் பேரில்தான் எல்லாருக்கும் கடிதம். அது தோட்ட அலுவலகத்துக்குப் போய், யாராவது எடுத்துக் குடுத்தால்தான் கைக்கு வரும். ஒரு அக்கா, மகளுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். கையில் கிடைக்கும்போது திகதி போய் ஒன்பது நாள். மகள் இப்போது கொழும்பில் ஒரு உடுப்புக் கடையில் நிற்கிறாள். அக்கா அழவில்லை. மடித்த மடிப்பு அப்படியே இருக்கிற அந்தக் கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். இப்ப சபைப் பெடியன்கள் ரெண்டு பேர் கிழமைக்கு ரெண்டு தரம் அலுவலகத்துக்குப் போய்க் கடிதங்களைப் பார்த்து, எந்த மதத்து வீடு எண்டாலும் கொண்டுபோய்க் குடுக்கிறார்கள். எங்களுக்கு முதலே நடக்கிற வேலை அது. நாங்கள் செய்தது, யார் யாருக்கு என்ன வரவேண்டியிருக்கு எண்டு ஒரு கொப்பியில் எழுதிக் குடுத்தது மட்டும்.

எங்கட ஊரும் ஒரு காலத்தில் ஊழியக்காரர் வந்திறங்கின ஊர்தான். அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கியது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து, தமிழ் படித்து, தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தார். அவர்களிடமும் குறை சொல்ல நிறைய இருக்கு. ஆனால் வருஷக்கணக்காக இருந்தார்கள், பாஷை படித்தார்கள். மலையகத்துக்குத் தொடங்கின ஆங்கிலேய மிஷனுக்கோ பெயரிலேயே 'கூலி' எண்ட சொல் இருந்தது. வடக்கிலிருந்து போகிற எங்கட வாயிலும் 'தோட்டக்காட்டான்' எண்ட சொல் இன்னும் முற்றாகச் சாகவில்லை. நாங்கள் போன பஸ்ஸிலேயே, பக்கத்துச் சீற் ஐயா ஒருத்தர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் பிரச்சினை.

வெளிக்கிடுகிற நாள் ஆராதனையில் எங்களை முன்னுக்குக் கூப்பிட்டு, சபை முழுக்கக் கை நீட்டி ஜெபித்தார்கள். காணிக்கைப் பையிலிருந்து பஸ் காசும் தந்தார்கள். வேண்டாம் எண்டு சொல்லிப் பார்த்தம், விடவில்லை.

போன கிழமை பாஸ்டரம்மா கோல் எடுத்தார். கணக்கில் பிள்ளைகள் பரவாயில்லையாம். டிசம்பர் விடுமுறைக்கு விஞ்ஞானம் தெரிஞ்ச ரெண்டு பேர் வேணுமாம், பத்து நாள் காணாது, மூண்டு கிழமை நிற்கக் கூடியவர்களாக இருந்தால் நல்லதாம். கிற்றார் கொண்டு வரலாம், நாடகம் வேண்டாம் எண்டார்.

இப்போதைக்கு ஒரு ஆள்தான் அம்பிட்டிருக்கு.