நோய் தீர்க்கும் ஊரில் ஒரு நாடக மேடை

என் தங்கை ஏதென்ஸ் நகரில் குடியிருக்கிறாள். அவள் கணவருக்குப் பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. "ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க. பெரியக்காவையும் எப்படியாவது இழுத்துட்டு வா" என்று அவள் ஓயாமல் போன் செய்ததில், சென்ற மே மாதம் நானும் அக்காவும் கிளம்பிவிட்டோம்.

அக்காவைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அத்தான் மாரடைப்பில் காலமாகி அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. காரியங்கள் நடந்தபோதும் சரி, அதன் பிறகும் சரி, அக்கா அழவே இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். பென்ஷன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அத்தான் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இரவில் தூக்கமில்லை. ஓயாத தலைவலி. ரத்த அழுத்தமும் ஏறியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். "மனசுல இருக்கறதை வாய்விட்டுப் பேசச் சொல்லுங்க" என்றும் சொன்னார். அவள் பேசினால்தானே!

எபிடாரஸுக்குப் போகலாம் என்று யோசனை சொன்னது தங்கைதான். ஏதென்ஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். வழியில் கொரிந்த் கால்வாய். மலையைக் கத்தியால் கீறினாற்போல ஆறு கிலோமீட்டருக்கு நேர்கோடாக வெட்டி, 1893-ல் திறந்திருக்கிறார்கள். பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது. அதைத் தாண்டினால் ஆலிவ் தோப்புகள், ஆரஞ்சுத் தோட்டங்கள், பிறகு பைன் மர வாசனை. லிகூரியோ என்ற சிறிய ஊர் வந்ததும், "இதோ வந்துட்டோம்" என்றார் மாப்பிள்ளை.

எபிடாரஸ் என்றாலே உல்லாசப் பயணிகள் எல்லோரும் அங்குள்ள திறந்தவெளி நாடக அரங்கத்தைத்தான் நினைக்கிறார்கள். எனக்கோ அந்த அரங்கம் எங்கே இருக்கிறது என்பதுதான் வியப்பாக இருந்தது. அது இருப்பது ஓர் ஆஸ்பத்திரிக்குள்! பழைய கிரேக்கர்களின் மருத்துவக் கடவுள் அஸ்கிளீப்பியஸ். பாம்பு சுற்றிய கோலை டாக்டர்களின் சின்னமாகப் பார்த்திருப்பீர்களே, அது இவர் கையில் இருந்த கோல்தான். அவருடைய மிகப் பெரிய கோயில் இங்கே இருந்தது. தூர தேசங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்கள் தங்குவதற்கு 160 அறைகள் கொண்ட சத்திரம், குளியல் கூடங்கள், உடற்பயிற்சிக் கூடம், ஓட்டப்பந்தய மைதானம் எல்லாம் இருந்தன. கடைசியாக, 'அபாட்டன்' என்ற நீண்ட மண்டபத்தில் இரவு படுத்துத் தூங்க வேண்டும். கனவில் கடவுள் வந்து வைத்தியம் சொல்வார் என்று நம்பினார்கள்.

1881-ல் தொடங்கி பனாகியோட்டிஸ் கவாடியாஸ் என்பவர் இந்த இடத்தைத் தோண்டி வெளியே கொண்டுவந்தார். அப்போது கிடைத்த கல்வெட்டுகளில் சில, அங்கேயே ஒரு சின்ன மியூசியத்தில் இருக்கின்றன. குணமானவர்களின் கதைகளை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அம்ப்ரோஸியா என்ற ஏதென்ஸ் பெண்ணின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அவளுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றவர்களின் கதைகளைக் கேட்டு, "கனவு கண்டா நொண்டி நடப்பானாக்கும்!" என்று சிரித்தாளாம். இரவு கனவில் கடவுள் வந்து, "உனக்குக் குணமாக்குகிறேன். ஆனால், உன் அசட்டுத்தனத்தின் ஞாபகமாகக் கோயிலுக்கு ஒரு வெள்ளிப் பன்றி செய்து வைக்க வேண்டும்" என்றாராம். காலையில் கண் தெரிந்ததாம். வைத்தியம் உண்மையோ பொய்யோ, அந்தக் கடவுளுக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி!

இன்னொரு விஷயம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோயில் எல்லைக்குள் பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது. அதனால் நிறைமாத கர்ப்பிணிகளுக்கும் சாகக் கிடப்பவர்களுக்கும் உள்ளே இடம் கிடையாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில்தான் ரோமானியர் ஒருவர் அவர்களுக்கென்று ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தார். அதுவரை பிரசவ வலியோடு வந்த பெண்கள் என்னதான் செய்தார்களோ!

சரி, அரங்கத்துக்கு வருவோம். மலைச்சரிவில் விசிறியை விரித்தாற்போலக் கல் படிகள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் தொடங்கியது. கட்டியவர் பாலிக்ளீட்டஸ் என்று பௌசானியஸ் என்ற பழங்காலப் பயணி எழுதி வைத்திருக்கிறார். முதலில் 34 வரிசைகள், பிற்பாடு இன்னும் 21. பன்னிரண்டாயிரம் பேருக்குக் குறையாமல் உட்காரலாம். கீழே இருபது மீட்டர் அகலத்தில் வட்டமான மண் தரை, நடுவில் ஒரு வட்டக் கல். அதன் மேல் நின்று ஊசியைப் போட்டால் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பார்கள். 2017-ல் ஹாலந்து விஞ்ஞானிகள் கருவிகளோடு வந்து அளந்துவிட்டு, அவ்வளவெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பேச்சுக் குரல் தெளிவாகவே கேட்கிறது. படிக்கட்டு போன்ற அந்தக் கல் வரிசைகளே மந்தமான இரைச்சலை வடிகட்டி, மனிதக் குரலை மேலே அனுப்புகின்றன என்று 2007-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதற்கு நாடகக் கொட்டகை? ஏதென்ஸிலும் இதே கதைதான். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், டயோனிஸஸ் நாடக அரங்கை ஒட்டியே அஸ்கிளீப்பியஸ் கோயில். சோகநாடகம் பார்ப்பவனுக்கு இரக்கமும் பயமும் உண்டாகி, அதனாலேயே உள்ளம் சுத்தியாகிறது என்று அரிஸ்டாட்டில் சொன்னார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கதார்ஸிஸ்'. கிரேக்க வைத்தியத்தில் அந்தச் சொல் வயிற்றைச் சுத்தம் செய்வதையும் குறிக்கும். நாம் குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிறோமே, அந்த மாதிரி, மனசுக்கு ஒரு விளக்கெண்ணெய்!

இந்தக் கரைக்கு எதிரேயே, கடலில் ஏஜினா என்ற தீவு இருக்கிறது. அந்த ஊர்க்காரன் போலஸ் என்ற பெரிய நடிகன். சோபோக்ளீஸின் 'எலெக்ட்ரா' நாடகத்தில், தம்பியின் சாம்பல் என்று நம்பி ஒரு கலசத்தை அணைத்துக்கொண்டு அவள் அழும் காட்சி வரும். அந்தக் காலத்தில் பெண் வேடமும் ஆண்கள்தானே போட்டார்கள்! தன் சொந்த மகனைப் பறிகொடுத்திருந்த போலஸ், அவனுடைய சாம்பல் கலசத்தையே மேடைக்குக் கொண்டுவந்து அழுதானாம். தன் பெயரில் அழ முடியாததை எலெக்ட்ராவின் பெயரில் அழுதிருக்கிறான். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

முழங்கால் வலியால் அவள் படி ஏறவில்லை. நான் பன்னிரண்டாவது வரிசையில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று நடுக்கல்லில் நின்று பாடிவிட்டுப் போயிற்று. கீழே காலியானதும், அக்கா மெல்ல நடந்து அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றாள். சும்மா நிற்கிறாள் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமினாள்.

"ஏம்மா, என் கண்ணாடியைப் பாத்தியா? இங்கதானே வெச்சேன்!"

அப்படியே அத்தானின் இழுவை. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் காலையில் அவர் கேட்கும் கேள்வி. அக்கா ஒரு அடி தள்ளி நின்றாள். இப்போது அவள் குரல்:

"நெத்தி மேல இருக்கு, தடவிப் பாருங்க."

அப்புறம் முதல் வரிசைக் கல்லில் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நானும் தங்கையும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். அரை மணி நேரம் இருக்கும். யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

இதை ஒரு வைத்திய முறையாகவே செய்தவர் டாக்டர் ஜேக்கப் மொரீனோ. 1889-ல் புக்காரெஸ்ட் நகரில் பிறந்து, வியன்னாவில் படித்து, அமெரிக்காவுக்குப் போனவர். 1936-ல் நியூயார்க் மாநிலத்தில் பீக்கன் என்ற ஊரில் மனநோய் மருத்துவமனை திறந்து, அதற்குள் ஒரு நாடக மேடையும் கட்டினார். நோயாளி தன் வாழ்க்கையையே அங்கு நடித்துக் காட்டுவார். முக்கியமான கட்டத்தில் டாக்டர், "இடம் மாறுங்கள்" என்பார். மகள் தாயாக வேண்டும். மனைவி கணவனாக வேண்டும். அக்கா தள்ளி வைத்தாளே ஒரு அடி, அதுதான்! அவளுக்கு மொரீனோ பேர்கூடத் தெரியாது.

அப்போது தலைக்குள் என்ன நடக்கிறது? துக்கமோ பயமோ வந்தால், மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸ் உத்தரவு கொடுக்க, பிட்யூட்டரி வழியாக, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி 'கார்ட்டிஸால்' என்ற ரசத்தை விடுகிறது. ஆபத்து நேரத்துக்கு அது நல்லது. மாதக்கணக்கில் நின்றால் தூக்கம் போகும், ரத்த அழுத்தம் ஏறும், ஞாபகசக்தியும் பாதிக்கும். பாதாம் பருப்பு வடிவில் உள்ள 'அமிக்டலா' என்ற பகுதிதான் அபாய மணி. உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைத்துச் சொன்னால், அந்த மணி தணிந்து, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி வேலை செய்யத் தொடங்குகிறது என்று 2007-ல் கலிபோர்னியாவில் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

2019-ல் கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பதினைந்து நடிகர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, ரோமியோவாகவோ ஜூலியட்டாகவோ மாறிப் பதில் சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போது, 'நான்' என்ற நினைப்போடு சம்பந்தப்பட்ட முன்மூளைப் பகுதிகளின் வேலை குறைந்ததாம். வேடம் போட்டவருக்குத் தன் சுமையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்க முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து நாடகம் போடவைத்ததில், அவர்களுக்கு வழக்கமாக இருந்த பதற்றம் குறைந்ததாக 2017-ல் எழுதினார்கள். இளம் தாய்மார்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பார்ப்பவருக்கும் பலன் உண்டு. 2008-ல் அமெரிக்கப் போர்வீரர்கள் முன்பு சோபோக்ளீஸின் 'அயாக்ஸ்' நாடகப் பகுதிகளைப் பிரையன் டோரீஸ் என்பவர் வாசிக்க வைத்தார். போரால் புத்தி பேதலித்த கணவனைப் பற்றி தெக்மெஸ்ஸா என்ற பெண் புலம்பும் நாடகம் அது. வாசித்து முடிந்ததும், முதலில் எழுந்து பேசியது ஒரு வீரரின் மனைவி. அதன் பிறகு மற்றவர்கள் மணிக்கணக்கில் பேசினார்களாம்.

ஒரு எச்சரிக்கை, சகோதரிகளே. கோபத்தைச் சும்மா கத்திக் கொட்டினால் அது குறையாது, கூடத்தான் செய்யும் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களைப் பயிற்சி பெற்ற மனநல நிபுணர் பக்கத்தில் இல்லாமல் நடிக்கச் சொல்லவும் கூடாது. அக்காவின் ரத்த அழுத்த மாத்திரைகளும் இன்றுவரை நிற்கவில்லை. தலைவலி வாரத்தில் ஒரு நாள் வருகிறது. முன்பு தினமும் வந்தது.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், கல் சுடும். கோடையில் போனால், பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் அங்கே பழைய நாடகங்களையே பார்க்கலாம். 1955 முதல் அந்த விழா நடக்கிறது. உட்கார ஒரு சின்னத் திண்டு கொண்டு போவது முதுகுக்கு நல்லது. நாங்கள் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். வெளியே மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, அக்கா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்றிரவு தங்கை வீட்டில் படுக்கை போட்டதும், "உங்க அத்தான் பெண் பார்க்க வந்தப்போ என்ன கேட்டார் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அவர் கஞ்சத்தனம், அவர் குறட்டை, பேரனுக்குத் திருட்டுத்தனமாக வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம்... தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மணி ஒன்று வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் நான் தூங்கிவிட்டேன்.