எந்தத் தெரு? எந்த விண்டோஸ்?

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் நம் மக்களின் வாக்குமூலங்களைப் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். எல்லாம் பாமினி எழுத்துருவில். மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாதவர் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. பயத்தை மீறிச் சாட்சி சொன்னவர், வாய் திறக்காதவர் போல ஆகிவிடுவார்.

இணையத்தில் உதவி கேட்டேன். முகம் தெரியாத ஒருவர், சுரதா யாழ்வாணன் உருவாக்கிய 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றியைக் காட்டினார். பாமினியை ஒட்டினால் யூனிகோடாக வந்தது. இன்னொருவர், முகுந்தராஜின் இ-கலப்பையை நிறுவும் வழியைப் போனிலேயே இரவு பதினொரு மணி வரை பொறுமையாகச் சொன்னார். இரண்டுமே இலவசம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தன்னார்வலர்கள் இப்படித்தான் ஊதியமின்றித் தமிழ் நூல்களை ஏற்றினார்கள்.

எங்கள் பக்கம் உதவி கேட்டுப் போனால் முதல் கேள்வி, 'எந்தத் தெரு?' இவர்கள் கேட்ட முதல் கேள்வி, 'எந்த விண்டோஸ்?'

கேட்காததாலேயே சாதி ஒழிந்துவிடாது, தோழர்களே. யார் வீட்டில் கணினி இருக்கிறது, யாருக்கு ஆங்கிலம் வரும் என்பதில் சாதிக்கு இன்றும் பங்குண்டு. அதனால், கற்றதை நம் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி கொடுக்கும் அடுத்த புகாரை, நம் பிள்ளையே யூனிகோடில் அடிக்கட்டும்.