குந்தாரப்பள்ளியின் மலையடி மனைகள்

கிருஷ்ணகிரியை விட்டு ஓசூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் இருபுறமும் மாந்தோப்புகள் ஓடி மறையும் வேளையில், "குந்தாரப்பள்ளி கூட்ரோடு" என்று நடத்துனர் குரல் கொடுப்பார். அன்று வெள்ளிக்கிழமையாயின் அவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை. ஆடுகளின் கத்தலே ஊரின் பெயரைச் சொல்லிவிடும். தமிழகத்து வியாபாரிகளோடு கர்நாடகத்தாரும் ஆந்திரத்தாரும் வந்து கூடும் சந்தை அது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேரம் நடக்கும். மும்மொழியும் போதாதபோது துண்டின் மறைவில் விரல்கள் பேசிக்கொள்ளும். தீபாவளி, பக்ரீத் நெருங்கிவிட்டால் சாலையோரத்தில் நிற்கவும் இடமிராது.

இந்தச் சந்தையை எழுதுவதற்காக நாம் பேனாவை எடுக்கவில்லை. கூட்ரோட்டிலிருந்து வேப்பனப்பள்ளி நோக்கிப் பிரியும் சாலையில் கொஞ்ச தூரம் நம்மோடு வருமாறு வாசக அன்பர்களை அழைக்கிறோம். மார்க்கண்டேய நதியின் படுகை ஒருபுறம். மறுபுறம், யாரோ பாறைகளை அடுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுப் போனாற்போன்ற குன்றுகள். மேற்கே மேலுமலைக் கணவாயைத் தாண்டினால் நிலம் படிப்படியாக உயர்ந்து, ஓசூர்ப் பீடபூமியைச் சேர்கிறது. வடக்கே மகாராஜகடைக் காடுகளும், அப்பால் இரு மாநில எல்லைகளும். ஐப்பசி, கார்த்திகையில் இக்குன்றுகள் பச்சைப் போர்வை போர்த்திருக்கும். தை பிறந்ததும் புல் பொன்னிறமாகும். மாசி, பங்குனியில் ஆங்காங்கே கரிய திட்டுகள் தோன்றத் தொடங்கும். இரவில் தொலைவிலிருந்து பார்த்தால் மலைக்கு எவரோ செம்பவள மாலை சூட்டியதுபோல் தோன்றும். அழகான காட்சிதான். அடிவாரத்தில் வீடு உடையவர்கள் மட்டும் அதை அழகென்று சொல்வதில்லை.

தீ எங்கிருந்து வருகிறது? இடி மின்னலால் நம் பக்கத்துக் காடுகள் பற்றி எரிவது அரிது. பெரும்பாலும் மனிதர் கைதான் காரணம். பழைய புல்லை எரித்தால் அடுத்த மழைக்குத் தளிர்ப்புல் முளைக்கும் என்று மேய்ப்பர்கள் வைக்கும் நெருப்பு உண்டு. வரப்பைச் சுத்தம் செய்ய வைத்தது கைமீறிப் போவதும் உண்டு. அணையாமல் வீசிய பீடியும், காட்டோரம் கொட்டி எரிக்கும் குப்பையும் உண்டு. வெள்ளிக்கிழமைச் சந்தையில் நல்ல விலைக்குப் போகும் ஆட்டின் கொழுப்பில் எரிந்த மலையின் பங்கும் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒருவரைமட்டும் நோக்கி விரல் நீட்ட நமக்கு மனம் வருவதில்லை. காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டப்படியே குற்றம். சட்டம் இருக்கிறது, தீயும் இருக்கிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டதையும், இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும் நாம் மறந்திருக்கமாட்டோம். அங்கே மாண்டவர்கள் மலைக்குச் சென்றவர்கள். இங்கே குந்தாரப்பள்ளிப் பக்கத்திலோ, மலையை நோக்கி வீடுகளே சென்றுகொண்டிருக்கின்றன.

ஓசூரில் தொடங்கிய தொழிற்சாலைகளின் அணிவகுப்பு சூளகிரி, குருபரப்பள்ளி எனப் பெருஞ்சாலை வழியே இறங்கி வந்துவிட்டது. வேலைக்கு வருவோர் பெருகப் பெருக, மனைகளின் விலையும் பெருகுகிறது. சாலையோரம் வாங்க இயலாதவர் உள்ளே தள்ளி வாங்குகிறார். அங்கும் இயலாதவர் குன்றின் அடிவரை போகிறார். கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலங்களில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் நட்டு, முப்பதுக்கு நாற்பது என்று அடிக்கணக்கில் மனை பிரித்திருக்கிறார்கள். ஆயுள் முழுதும் வாடகை கொடுத்துச் சலித்த தொழிலாளிக் குடும்பம் ஒன்றுக்கு அந்தக் கல்லின் அருகே நிற்பது எத்தகைய மகிழ்ச்சி என்பதை, புதுமனை மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் நாம் கண்டு வருகிறோம்.

அப்படியொரு மந்திரிப்புக்குத்தான் அண்மையில் அவ்வழியே சென்றோம். வீடு காரை வீடு, உறுதியாகவே கட்டியிருந்தார்கள். முன்புறம் விருந்தினருக்குத் தென்னங்கீற்றுப் பந்தல். பின்புறம் சுற்றுச்சுவர். சுவருக்கு அப்பால் உண்ணிச்செடிப் புதரும் இடுப்பளவு காய்ந்த புல்லும் இடைவெளியின்றிக் குன்றின் உச்சிவரை போயின. சுவரின்மேல் பச்சை நிழல்வலை ஒன்றைக் கட்டி, அதன் கீழே விறகும், சென்டிரிங் பலகைகளும், பழைய மெத்தை ஒன்றும் அடுக்கியிருந்தார்கள். தீர்த்தம் தெளித்துக்கொண்டு பின்கட்டு வரை சென்ற நாம், சற்று நேரம் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்காரரின் தாயார் பக்கத்துச் சிற்றூரிலேயே பழைய வீட்டில் இருக்கிறார். கல்லுடைப்பு மிகுந்த இவ்வட்டாரத்தின் பழைய வீடுகள் சிலவற்றில், சுவருக்கும் கூரைக்கும் கற்பலகைகளையே நிறுத்தியும் படுக்க வைத்தும் இருப்பதைக் காணலாம். அவர் வீடு அத்தகையது. நெருப்பு அதை ஒன்றும் செய்ய இயலாது. ஆயின் வீட்டை ஒட்டினாற்போல், ஓலைச்சார்ப்பைத் தொட்டுக்கொண்டு, கேழ்வரகுத் தாள் போர் நின்றது. அறுவடை முடிந்து போர் உயர்ந்து நிற்கும் அதே மாதங்களில்தான் மலையில் புல்லும் காய்கிறது. தள்ளிப் போடக்கூடாதா என்று கேட்டோம்.

"தள்ளிப் போட்டா ஆனை தின்னுட்டுப் போவுது சாமி. கிட்டப் போட்டா நெருப்புக்குப் பயம். நான் எதுக்குன்னு பயந்துக்கட்டும்?" என்றார் அந்த அம்மாள்.

நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. கேழ்வரகின் மணத்துக்கு எல்லை தாண்டி வரும் யானைகளை இப்பகுதியில் அறியாதார் இல்லை. பிற நாடுகளின் விதிநூல்களை எழுதியவர்கள் அறியாத சங்கடம் இது.

அந்த விதிநூல்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். காட்டுத்தீ என்றால், சுவர்போல் எழும்பி வரும் சுவாலை வீட்டை விழுங்குகிறது என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஆய்ந்தவர்கள் கண்டது வேறு. பெருஞ்சுவாலைக்கும் வீட்டுக்கும் முப்பது, நாற்பது மீட்டர் இடைவெளி இருந்தால் அதன் வெப்பம்மட்டும் மரச்சுவரைக்கூட எளிதில் பற்றவைப்பதில்லை. வீட்டை அழிப்பவை காற்றில் பறந்து வரும் தீப்பொறிகளே. அவை ஓட்டின் இடுக்கில் நுழைகின்றன; தாழ்வாரத்துச் சருகில் விழுகின்றன; பரணில் குருவிக்கூட்டைத் தேடிப் பிடிக்கின்றன; திறந்த சாளரத்தின் வழியே திரைச்சீலையைத் தொடுகின்றன. தீ மேட்டை நோக்கியே விரைந்து ஓடும் என்பதால் அடிவாரத்து வீடு உச்சியிலுள்ள வீட்டைவிடச் சற்றுப் பாதுகாப்பானதுதான். ஆனால் காற்று திசை மாறினால் பொறிகளும் திசை மாறும். எரியும் கட்டைகள் சரிவில் உருண்டும் வரும்.

ஹவாய்த் தீவுகளில் உள்ள லஹைனா என்னும் கடற்கரை ஊர் 2023 ஆகஸ்ட் 8 அன்று வெந்து சாம்பலாயிற்று. நூறு பேர் அளவில் மாண்டனர். அந்தச் சாம்பல் நடுவே மரியா லனாகிலா என்னும் நம் கத்தோலிக்க ஆலயம் நிலைத்து நின்றது. அதன் அருகிருந்த பள்ளியோ பெரிதும் சேதமுற்றது. ஆலயத்தின் படத்தை அந்நாளில் பலர் கண்டு வியந்திருப்பீர்கள். அதே ஊரில் சிவப்புக் கூரையிட்ட மரவீடு ஒன்றும் தப்பியது. அதன் உரிமையாளர்கள் கூரையைக் கனத்த உலோகத் தகட்டால் மாற்றி, சுவரை ஒட்டி இருந்த செடிகளை நீக்கி, சுற்றிலும் ஆற்றுக்கற்களைப் பரப்பியிருந்தார்கள். செடிகளை நீக்கியது நெருப்புக்கு அஞ்சியன்று, கரையானுக்கு அஞ்சி! கரையானுக்குச் செய்த காரியம் தீக்கும் உதவிற்று.

ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரி 7 அன்று ஒரே நாளில் மூண்ட தீக்களில் 173 பேர் இறந்தனர். அதன்பின் அந்நாட்டின் கட்டட விதி திருத்தப்பட்டது. தீ அபாயமுள்ள இடத்து வீட்டில் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடுக்கு எதுவும் வலையின்றி இருத்தலாகாது என்பது அதன் கூறுகளுள் ஒன்று. பொறி நுழையும் அளவை அங்கே அளந்தே வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2008 முதல் இத்தகைய விதிகள் நடப்பில் உள்ளன. 2018 நவம்பர் 8 அன்று அம்மாநிலத்தின் பாரடைஸ் நகரம் எரிந்தபோது 85 பேர் மாண்டனர். விதி வந்தபின் கட்டிய தனி வீடுகளில் ஏறத்தாழப் பாதி சேதமின்றித் தப்பின. முன்பு கட்டியவற்றில் தப்பியவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

நெருப்புக்குப் பிறகு விதி எழுதும் வழக்கம் பழமையானது. கி.பி. 64-இல் உரோமை நகர் எரிந்ததும், நீரோ மன்னன் அப்பழியைக் கிறிஸ்தவர்மேல் சுமத்தியதும் நம் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. அதை எழுதிவைத்த டாசிட்டஸ் அதே பக்கங்களில், எரியாத கல்லால் கட்டவேண்டும், அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுச்சுவர் ஆகாது, தெரு அகலமாக இருக்கவேண்டும் என்று மன்னன் விதித்ததையும் குறிக்கிறார். அகலத் தெருவில் நிழல் இல்லையே என்று சிலர் முணுமுணுத்தார்களாம்! இணைச்சட்டநூலின் 22-ஆம் அதிகாரமோ, புது வீடு கட்டுபவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்கிறது. விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரம், முட்புதரில் பற்றிய தீ அயலானின் கதிர்க்கட்டை எரித்தால் தீ மூட்டியவனே ஈடு செய்யவேண்டும் என்கிறது. வீடு கட்டுவதிலும் நெருப்பு மூட்டுவதிலும் அயலானை நினைக்கச் சொல்லும் இவ்விரு சட்டங்களையும், நிலப்பத்திரம் எழுதும் நாளில் படித்தல் நன்று.

நம் மாநிலமும் நெருப்பிடம் பாடம் கற்றதுண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் மூண்ட தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. அதன்பின் பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அரசு அகற்றச் செய்தது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில், தீயிலிருந்து உயிர்காப்பதற்கென நான்காம் பகுதியே உள்ளது. ஆயின் அது பெரும்பாலும் கட்டடத்துக்குள் மூளும் தீயையும், மாடிகளிலிருந்து மக்கள் வெளியேறும் வழியையும் பற்றியது. வெளியே குன்றிலிருந்து பறந்து வரும் பொறி அதன் முதற்கவலை அன்று.

அப்படியானால் கலிபோர்னிய விதியை அப்படியே இங்கே கொணரலாமா? அங்கே வீட்டைச் சுற்றி நூறு அடிவரை புதரைக் குறைக்கச் சொல்கிறார்கள். நம்மவர் மனையோ முப்பதுக்கு நாற்பது! நூறு அடி என்றால் அது மூன்று அயலாரின் மனைகளையும் தாண்டிப் போய்விடும். ஆதலின் இந்தக் கடமையைத் தனி வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமாகாது என்பது நம் துணிபு. மனைப்பிரிவு வரைபடம் அங்கீகாரம் பெறும் நாளிலேயே இது தீர்க்கப்படவேண்டும். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கவேண்டும். அந்தத் திறந்தவெளியையும், ஒரு சாலையையும் குன்றின் பக்கமாக அமைத்தால் என்ன? சாலை தீயை மறிக்கும். தீயணைப்பு வண்டியும் வந்து நிற்கும். விற்பவருக்கு ஓரடி நிலமும் நட்டமில்லை. ஆனால் குன்றை ஒட்டிய கடைசி வரிசையை மலைக்காட்சி மனை என்று கூடுதல் விலைக்கு விற்கும் ஆசைதான் குறுக்கே நிற்கிறது. மனை வாங்கப் போகும் நம் குடும்பங்கள் வரைபடத்தில் கிழக்கு வாசலைத் தேடுவதோடு, குன்றின் பக்கம் சாலை இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கட்டும்.

கட்டி முடித்தவர்களுக்குச் செலவில்லாத காரியங்கள் சில உண்டு. சுவரிலிருந்து ஐந்தடிக்குள் விறகோ பலகையோ சருகோ இராமல், வெறும் கல்லும் மண்ணுமாக வைத்துக்கொள்ளலாம். நிழல்வலை பொறி பட்டால் நொடியில் உருகி எரியும். தைக்குப் பின் அதைக் கழற்றிவிடலாம். காற்றுத்துளைகளுக்கு நுண்ணிய கம்பிவலை அடிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை எரியாது என்று நம்பி அதன் கீழே தாளை அடுக்குவோர் ஒன்றை அறியவேண்டும்: கடும் சூட்டில் அது வெடித்துச் சிதறும். விருந்து முடிந்ததும் கீற்றுப் பந்தலைப் பிரித்துவிடவேண்டும். மந்திரிப்புக்குப் போட்ட பந்தல் மறு ஆண்டுவரை நிற்பதை நாம் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம்.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை, செயற்கைக்கோள் காணும் தீயைப் பதிவு செய்துகொண்ட பொதுமக்களுக்கும் கைபேசிக் குறுஞ்செய்தியாக அறிவிக்கிறது. பங்கின் இளைஞர்கள் சிலர் பதிந்துகொள்வது எளிது.

போரின் சங்கடத்துக்குத்தான் இன்னும் விடை சொல்லவில்லை. அது ஒரு வீட்டாரால் தீர்வதன்று. ஊரின் போர்களையெல்லாம் வீடுகளுக்குத் தள்ளி ஒரே களத்தில் சேர்த்து, சுற்றிலும் புல்லைச் செதுக்கி, யானைக்குக் காவலை முறைவைத்துக் கொண்டால் இரண்டு பயமும் ஓரளவு குறையும். அந்த அம்மாளிடம் இதைச் சொன்னபோது, "முறைக்கு வர்றவன் தூங்கிட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிராம சபை ஆண்டுதோறும் கூடும் நாட்களுள் சனவரி 26-உம் ஒன்று. அப்போது போர் போட்டு முடிந்திருக்கும்; மலையில் புல் காயத் தொடங்கியிருக்கும். களத்துக்கு இடம், காவலுக்கு முறை, குன்றோரம் இரண்டு ஆள் அகலத்துக்குப் புல் செதுக்க ஆட்கள் ஆகிய மூன்றையும் அவ்வூரார் இம்முறை அங்கே கேட்க இருக்கிறார்கள். மனு எழுதித் தருமாறு நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள், எழுதிக் கொடுத்திருக்கிறோம்.